அக்காவுக்கு எந்தப் புத்தகம்? கென்சபுரோ ஓயேயும் அவர் மகன் ஹிகாரியும்

கேள்வி இது: “பலத்த உடல், அறிவுக் குறைபாடுகளோடு பிறந்த குழந்தையை வளர்க்கும் குடும்பத்தைப் பற்றி மனதைத் தொடும் நாவல் ஒன்று சொல்லுங்கள். என் அக்கா மகனுக்கு நான்கு வயது. இன்னும் கழுத்து நிற்கவில்லை, அடிக்கடி வலிப்பு வருகிறது. நானும் படிக்க வேண்டும், அக்காவுக்கும் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். அழ வைப்பதற்காக மட்டும் எழுதிய கதை வேண்டாம்.”

இந்த வகையில் நான் படித்தவற்றில் முதலிடம் ஜப்பானிய எழுத்தாளர் கென்சபுரோ ஓயே 1964-ல் எழுதிய நாவலுக்குத்தான். ஜான் நேதன் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, ‘எ பெர்சனல் மேட்டர்’ என்ற தலைப்பில் 1968-ல் வந்தது. ஆனால் அதை இப்போதே அக்கா கையில் கொடுத்துவிடாதீர்கள். முதலில் நீங்கள் படியுங்கள். அது குழந்தையை வளர்ப்பது பற்றிய நாவலே இல்லை. வளர்ப்பதா, கைவிடுவதா என்று ஒரு தகப்பன் தத்தளித்த சில நாட்களைப் பற்றிய நாவல். வளர்ப்பைப் பற்றி அதே எழுத்தாளர் பிற்காலத்தில் வேறு புத்தகங்கள் எழுதினார். அக்காவுக்குப் பொருத்தமானவை அவைதான். இரண்டையும் பற்றிச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே போகும்.

ஓயே 1935-ல் ஷிகொகு தீவில், மலையும் காடும் சூழ்ந்த ஒரு கிராமத்தில் பிறந்தவர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படித்தார். மாணவராக இருக்கும்போதே, 1958-ல், ஜப்பானின் பெரிய இலக்கியப் பரிசான அகுதாகவா பரிசு அவருக்குக் கிடைத்துவிட்டது. 1963 ஜூன் மாதம் அவருக்கும் மனைவி யுகாரிக்கும் முதல் குழந்தை பிறந்தது. குழந்தையின் மண்டையோடு சரியாக மூடாமல், தலைக்குப் பின்னால் இன்னொரு தலை போல ஒரு புடைப்பு. அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் பிழைக்காது, செய்து பிழைத்தாலும் வாழ்நாள் முழுக்கப் பலத்த குறைபாடு இருக்கும் என்ற நிலை. தகப்பனுக்கு அப்போது 28 வயது.

குழந்தை மருத்துவமனையில் இருக்கும்போதே ஓயே ஹிரோஷிமாவுக்குப் போனார். அணுகுண்டு எதிர்ப்பு மாநாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதப் போன பயணம் அது. அங்கே செஞ்சிலுவை மருத்துவமனையின் தலைவர் டாக்டர் ஃபுமியோ ஷிகெதோவைச் சந்தித்தார். ஷிகெதோ குண்டு விழுந்த நாளில் தானும் அந்த ஊரில் இருந்து காயம்பட்டவர். கதிர்வீச்சு உடம்பை என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாத காலத்தில் வந்த நோயாளிகளுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவர். தீராது என்று தெரிந்தும் ஒரு மனிதர் தினமும் வேலைக்குப் போய் நோயாளியைப் பார்ப்பதை ஓயே பக்கத்திலிருந்து பார்த்தார். ஊர் திரும்பினார். குழந்தைக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பிள்ளைக்கு ஹிகாரி என்று பெயர் வைத்தார்கள், ‘ஒளி’ என்று பொருள். அடுத்த வருடமே நாவல் வந்துவிட்டது.

நாவலின் நாயகனை எல்லோரும் ‘பேர்ட்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பதினைந்து வயதிலேயே ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. இப்போது இருபத்தேழு வயது, டியூட்டோரியல் கல்லூரி ஒன்றில் வாத்தியார் வேலை. மனைவி பிரசவ வலியில் இருக்கும்போது இவன் ஒரு புத்தகக் கடையில் ஆப்பிரிக்கா வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அங்கே போய்விட வேண்டும் என்பது அவன் வெகுநாள் கனவு. குழந்தை பிறந்துவிட்டால் அந்தக் கனவு அவ்வளவுதான் என்று அவனுக்குத் தெரியும். வரைபடத்தை வாங்கவும் செய்கிறான்.

மறுநாள் காலை மருத்துவமனையிலிருந்து போன். போனால் மருத்துவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தலைமை மருத்துவர் முதலில் “சரக்கை” ஒரு தடவை பார்த்துவிடுகிறீர்களா என்று கேட்கிறார். பெற்ற தகப்பனிடம் அவன் குழந்தையைப் பற்றிப் பேசுகிற பேச்சு இது. பேசும்போதே அந்த மருத்துவருக்குச் சிரிப்பு வருகிறது. அது கேலிச் சிரிப்பு இல்லை. என்ன முகம் காட்டுவது என்று தெரியாதவருக்கு வரும் சிரிப்பு. நான் சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளியில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் வரும் பெற்றோர் முதல் செய்தியை யார், எந்த அறையில், எந்த வார்த்தையில் சொன்னார் என்பதை எத்தனை வருடம் ஆனாலும் அப்படியே ஒப்பிப்பார்கள். டாக்டர் பேனாவை மூடிய விதம்கூட ஞாபகம் இருக்கும். அந்த ஒரு கணத்தை இவ்வளவு துல்லியமாக எழுதிய வேறு நாவலை நான் படித்ததில்லை.

குழந்தையின் தலையில் கட்டுப் போட்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் பேர்டுக்கு முதல் உலகப் போரில் தலையில் காயம்பட்ட பிரெஞ்சுக் கவிஞர் அப்பொலினேர் நினைவுக்கு வருகிறார். தான் பார்த்தறியாத ஏதோ ஒரு போர்க்களத்தில் தன் மகன் தனியாகக் காயம்பட்டுக் கிடந்திருக்கிறான் என்று நினைத்து அழுகிறான். அந்த இடத்தில் நமக்கும் கண்ணீர் வரும். ஓயே அதோடு விடுவதில்லை. அழுத அதே மனிதன் அடுத்த பக்கங்களில் என்ன செய்கிறான் என்று காட்டுகிறார்.

மாமனார் வீட்டுக்குச் செய்தி சொல்லப் போகிறான். பேராசிரியரான மாமனார் ஒரு விஸ்கி பாட்டிலைக் கொடுத்து அனுப்புகிறார். அதை எடுத்துக்கொண்டு ஹிமிகோ என்ற பழைய கல்லூரித் தோழி வீட்டுக்குப் போகிறான். அவள் கணவன் தற்கொலை செய்துகொண்டவன். அங்கே குடித்துவிட்டு, மறுநாள் வகுப்பறையில் மாணவர்கள் முன்னால் வாந்தி எடுக்கிறான், வேலையும் போகிறது. அவனுக்கும் ஹிமிகோவுக்கும் உறவு ஏற்படுகிறது. இந்த அத்தியாயங்களில் உடல் சம்பந்தமான விவரிப்பு நிறைய, சில பக்கங்கள் அருவருப்பாகவே இருக்கும். அக்காவிடம் கொடுக்க வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரிய காரணம் சர்க்கரைத் தண்ணீர். பல்கலைக்கழக மருத்துவமனையில் இருக்கும் குழந்தைக்குப் பாலைக் குறைத்து, பதிலாகச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு மருத்துவர் நாசூக்காகச் சொல்கிறார். கொல்வது என்ற சொல்லை யாருமே சொல்வதில்லை. பேர்டும் சொல்வதில்லை, சரி என்று மட்டும் தலையாட்டுகிறான். அதற்கப்புறம் மருத்துவமனையிலிருந்து போன் வருமா என்று காத்திருக்கிறான். குழந்தையோ பலவீனமாகாமல் நன்றாகக் குடித்து, நன்றாக அழுது தேறிக்கொண்டு வருகிறது. அந்தச் செய்தி வரும் ஒவ்வொரு தடவையும் தகப்பன் துவண்டுபோகிறான்.

படிக்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் பெற்றோர் நம்மை நம்பத் தொடங்கி வெகுநாள் கழித்து, பள்ளி முடிந்து எல்லோரும் போன பிறகு, மெதுவாகச் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. “அப்பவே போயிருந்தா அவனுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லதுன்னு நெனச்சேன்.” தன் குழந்தைக்கு ராத்திரியெல்லாம் விழித்திருந்து சளி உறிஞ்சி எடுக்கும் தாய் சொல்வது இது. அந்த நினைப்பு வந்ததற்காக அவர்கள் தங்களை மன்னித்துக்கொள்வதே இல்லை. ஓயே அந்த நினைப்பை எடுத்து வெளிச்சத்தில் வைத்துவிட்டார், அதுவும் தன் பிள்ளை வீட்டில் வளர்ந்துகொண்டிருக்கும்போதே. இந்த நாவலுக்கு நான் கொடுக்கும் மரியாதை எல்லாம் இதற்காகத்தான்.

மருத்துவமனையில் இன்னொரு தகப்பன் வருகிறான், சின்னப் பாத்திரம். அவன் குழந்தை கல்லீரல் இல்லாமல் பிறந்திருக்கிறது. அவன் அதை ஒப்புக்கொள்ளாமல் டாக்டர்களோடு சண்டை போடுகிறான். சரியாகப் பாருங்கள், இல்லாமல் எப்படி இருக்கும் என்று திரும்பத் திரும்ப வாதாடுகிறான். பேர்டையும் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டு, நாம் விடக் கூடாது என்கிறான். பிழைக்க வழியே இல்லாத குழந்தைக்காக ஒருவன் சண்டை போடுகிறான். பிழைக்கக்கூடிய குழந்தையின் தகப்பன் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஓயே இதற்கு ஒரு விளக்கமும் சேர்ப்பதில்லை. நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் இவை.

மனைவிக்கு முழு உண்மை சொல்லப்படுவதில்லை. குழந்தைக்கு வேறு ஏதோ உறுப்பில் கோளாறு என்று சொல்லி மாமியாரும் மருமகனும் சேர்ந்து மறைக்கிறார்கள். ஆனாலும் அவள் மோப்பம் பிடித்துவிடுகிறாள். பலவீனமான ஒருவனை அவசரமான நேரத்தில் கைவிட்டுவிட்டு ஓடுகிற ஆளா நீ என்று படுக்கையில் இருந்தபடியே கேட்கிறாள். பல வருடங்களுக்கு முன்னால் கிகுஹிகோ என்ற நண்பனை அவன் அப்படி விட்டுவிட்டு ஓடியதையும் நினைவுபடுத்துகிறாள். பிறகு மருத்துவமனை அறுவை சிகிச்சைக்குத் தயார் என்று சொன்னதும், பேர்ட் வேண்டாம் என்று மறுத்துக் குழந்தையை வெளியே எடுத்துக்கொண்டு போகிறான். இதுபோன்ற குழந்தைகளை ‘முடித்துவைக்கும்’ ஒரு மருத்துவரிடம் கொண்டுபோக ஏற்பாடு. வெளியே எடுத்துப்போகக் குழந்தைக்கு ஒரு பெயர் எழுதியாக வேண்டும். அவன் வைக்கும் பெயர் கிகுஹிகோ.

கொட்டும் மழையில், ஹிமிகோவின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில், பின்னால் ஒரு கூடையில் குழந்தை. கார் வழி தெரியாமல் சுற்றுகிறது. ஒப்படைத்துவிட்டு மதுக்கடைக்குப் போகிறார்கள். அங்கே ஒரே ஒரு மிடறு விஸ்கியிலேயே அவன் வயிறு குமட்டுகிறது. திடீரென்று எழுந்து, குழந்தையைத் திரும்ப எடுத்து அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்கிறான். ஏன் இந்த மாற்றம்? பாசம் பொங்கிவிட்டது என்றெல்லாம் ஓயே எழுதவில்லை. இனி ஓடுவதற்கு இடமில்லை, ஓடி ஓடித் தான் எதையும் காப்பாற்றிக்கொள்ளவில்லை என்ற கணக்குதான் அவன் சொல்லும் காரணம். நாவலின் நடுவில் வரும் டெல்செஃப் என்ற பால்கன் நாட்டுத் தூதரக அதிகாரி, காஃப்காவை மேற்கோள் காட்டி, பெற்றவர் பிள்ளைக்குச் செய்ய முடிவதெல்லாம் அது வரும்போது வா என்று வரவேற்பது மட்டுமே என்கிறார். பேர்ட் அதைத் தாமதமாக, பெரிய மனம் எதுவும் இல்லாமல் செய்கிறான்.

நாவலின் குறை இங்கிருந்து ஆரம்பிக்கிறது. கடைசியில் இரண்டு மூன்று பக்கம் ஒரு முடிவுரை. சில மாதங்கள் கழித்து, அறுவை முடிந்து, தலையில் இருந்த புடைப்பு டாக்டர்கள் முதலில் சொன்ன மூளைப் பிதுக்கமே (மண்டையோட்டு ஓட்டை வழியாக மூளை வெளியே தள்ளுவது) இல்லை, சாதாரணக் கட்டிதான் என்று தெரியவருகிறது. தகப்பன் ரத்தம் கொடுத்திருக்கிறான், மாமனார் பாராட்டுகிறார், குடும்பம் ஒன்றுசேர்கிறது. குழந்தைக்கு அறிவு வளர்ச்சி குறைவாக இருக்கலாம் என்று ஒரு வரி வருகிறது, அவ்வளவுதான். ஜப்பானிய எழுத்தாளர் யுகியோ மிஷிமா உட்படப் பலர் இந்த முடிவைக் கடுமையாக விமர்சித்தார்கள். அவர்கள் சொன்னது கலை சார்ந்த குறை, இருட்டில் போன கதைக்குத் திடீரென்று விளக்குப் போட்டுவிட்டார் என்பது. என் வருத்தம் வேறு. டாக்டர்கள் சொன்ன நோயே இல்லை என்று ஆன பிறகு அந்தக் குழந்தையை ஏற்றுக்கொள்வது கொஞ்சம் சுலபமாகிவிடுகிறது. நிஜத்தில் ஹிகாரிக்கு அப்படி எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. பார்வைக் குறைபாடு, வலிப்பு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு எல்லாமே இருந்தன. அப்புறம், நாவலில் பேர்டின் மனைவிக்குக் கடைசிவரை பெயர்கூட இல்லை. குழந்தையைத் தூக்கி, பால் கொடுத்து, துணி மாற்றப் போகிறவள் அவள்தான். அவள் மனதில் ஓடியது எதுவும் நாவலில் இல்லை.

முடிவு பற்றிய சந்தேகம் ஓயேவுக்கும் இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம், அதே 1964-ல் அவர் எழுதிய ‘ஆக்வீ’ கதை. அதில் வரும் இளம் இசையமைப்பாளர் மருத்துவர் பேச்சைக் கேட்டுத் தன் குழந்தையைச் சர்க்கரைத் தண்ணீரிலேயே சாக விட்டுவிடுகிறார். பிணப் பரிசோதனையில் அது வெறும் கட்டிதான் என்று தெரிகிறது. அதற்குப் பிறகு வெள்ளை கவுன் போட்ட, கங்காரு அளவுக்குப் பெரிதான ஒரு குழந்தை வானத்திலிருந்து அவர் அருகில் இறங்கி வந்துகொண்டே இருக்கிறது. மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. நாவலில் காப்பாற்றிய குழந்தையை இந்தக் கதையில் ஓயே கொன்று பார்த்திருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த வருடம் அவர் மனதில் ஓடியது முழுதாகப் பிடிபடும். கதை சின்னது, நீங்கள் நாவலை முடித்த கையோடு படிக்கலாம்.

நாவலில் டாக்டர்கள் பேசும் பேச்சு இன்றைக்கு நமக்கு அதிர்ச்சியாக இருக்கும். அது எழுதப்பட்ட ஜப்பானில் 1948-லிருந்தே ஓர் இனமேம்பாட்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தது. ‘தரம் குறைந்த’ பிள்ளைகள் பிறக்காமல் தடுப்பதே நோக்கம் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். அதன் கீழ் சுமார் 25,000 பேருக்குக் கருத்தடை அறுவை நடந்தது, பெரும்பாலோருக்குச் சம்மதமே கேட்கவில்லை. 1996-ல்தான் அந்தப் பகுதியை நீக்கினார்கள். 2024 ஜூலையில் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு தர வேண்டும் என்றது. பேர்டின் காதில் விழும் நாசூக்கான ஆலோசனைகளுக்குப் பின்னால் ஒரு நாட்டின் சட்டமே நின்றது. ஒரு கெட்ட டாக்டர் என்று நினைத்துப் படித்தால் பாதிதான் புரியும்.

1970-ல் யோகோஹாமாவில் ஒரு தாய், மூளை முடக்குவாதம் உள்ள தன் இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்றுவிட்டாள். அவள் பட்ட பாட்டைப் பார்த்த அக்கம்பக்கத்தார் தண்டனையைக் குறைக்கும்படி மனுக் கொடுத்தார்கள். அதை எதிர்த்து எழுந்தவர்கள், மூளை முடக்குவாதத்தோடு வளர்ந்து பெரியவர்களான மனிதர்கள், ‘அவோய் ஷிபா’ என்ற அமைப்பினர். தாய் பட்ட கஷ்டத்தைப் பேசும் நீங்கள், கொல்லப்பட்டது எங்களில் ஒருவர் என்பதை ஏன் பேசவில்லை என்று கேட்டார்கள். ஓயேயின் நாவலை அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு தடவை படித்துப் பாருங்கள். கூடையில் கிடக்கும் குழந்தையின் இடத்தில் நின்று படித்தால், தகப்பனின் தவிப்பு எவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டிருந்தாலும், கதை முழுக்க அவனைச் சுற்றியே ஓடுவது உறுத்தும். எனக்கு உறுத்தியது. ஓயேயும் அதே இடத்தில் நின்றுவிடவில்லை என்பதுதான் அவரை நான் தொடர்ந்து படிக்கக் காரணம்.

சரி, இனி வளர்ப்புக்கு வருகிறேன். ஹிகாரி சின்ன வயதில் மனிதர் பேச்சுக்குச் சரியாகத் திரும்பவே இல்லை. பறவைக் குரல்களுக்குத் திரும்பினான். பெற்றோர் பறவைக் குரல்கள் பதிவான இசைத்தட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு குரலுக்கும் ஓர் அறிவிப்பாளர் பறவையின் பெயரைச் சொல்வார். ஆறு வயதில், கோடைக்கு மலையூருக்குப் போயிருந்தபோது, அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த பையன், தூரத்தில் கேட்ட ஒரு குரலைக் கேட்டு, அந்த அறிவிப்பாளரின் தொனியிலேயே, இது இன்ன பறவை என்று சொன்னான். நம் ஊர்க் கானாங்கோழியின் சொந்தக்கார நீர்ப்பறவை அது. தான் கேட்டது நிஜம்தானா என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. அது மறுபடி கூவும்வரை காத்திருந்தார். கூவியது, பையனும் மறுபடி சொன்னான். ஓயே இதைத் தன் நோபல் உரையிலும் பேசியிருக்கிறார்.

பறவையிலிருந்து இசைக்குப் போனான். பியானோ சொல்லித்தர ஓர் ஆசிரியை வந்தார். விரல்கள் சரியாக ஒத்துழைக்காததால் வாசிப்பதைவிட எழுதுவது அவனுக்குச் சுலபமாக இருந்தது. 1992-ல் அவன் இசையமைத்தவை குறுந்தகடாக வந்தபோது ஜப்பானில் நன்றாக விற்றன. இரண்டு வருடம் கழித்து அப்பாவுக்கு நோபல் பரிசு. மகன் இசையில் தானே பேசிவிட்டான், இனி அவனுக்காக நான் பேச வேண்டியதில்லை, நாவல் எழுதுவதை நிறுத்துகிறேன் என்று அப்போது ஓயே அறிவித்தார். பிறகு மறுபடி எழுதவும் செய்தார்.

இந்த இசைக் கதையை அக்காவிடம் சொல்லும்போது ஜாக்கிரதை. “பார், உன் பிள்ளையும் ஒரு நாள்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் ஏதோ ஓர் அதிசயக் குழந்தையின் கதையோடுதான் வருவார்கள். கழுத்து நிற்காத பிள்ளையின் தாய்க்கு அது ஆறுதல் ஆகாது, இன்னொரு பரீட்சை போல இருக்கும். ஹிகாரி ஒரு ஸ்வரம்கூட எழுதாமல் இருந்திருந்தாலும் அந்த வீட்டில் அதே சாப்பாட்டு மேசையில் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருப்பான். ஓயேயின் பிற்காலப் புத்தகங்கள் நல்லவையாக இருப்பது அதனால்தான்.

அவற்றில் முதலாவது 1983-ல் வந்தது, ‘ரவுஸ் அப் ஓ யங் மென் ஆஃப் த நியூ ஏஜ்’. நாவல் என்றும் சொல்லலாம், தன்வரலாறு என்றும் சொல்லலாம். வில்லியம் பிளேக்கின் கவிதைகளை நிறையப் பேசுவார், அந்தப் பகுதிகள் கனமாக இருந்தால் தாண்டிப் போங்கள். மகன் இதில் இயோர் என்ற செல்லப் பெயரோடு வருகிறான், வளர்ந்த பையன். அப்பா வெளிநாடு போயிருக்கும்போது வீட்டில் முரட்டுத்தனம் காட்டி எல்லோரையும் பயமுறுத்துகிறான். அப்பா செத்துப்போய்விட்டார் என்கிறான். அடுத்த வாரம் வந்துவிடுவார் என்று சொன்னால், சரி, ஆனால் இப்போது செத்துத்தான் இருக்கிறார் என்கிறான். வெளியூர் போன அப்பாவைப் பற்றி எங்கள் பள்ளிப் பிள்ளைகள் படும் பாட்டைத் தினமும் பார்க்கும் எனக்கு அதில் ஒரு சொல்கூடக் கற்பனையாகத் தெரியவில்லை.

அதே புத்தகத்தில் ஒரு கால் வருகிறது. அப்பாவுக்குக் கௌட் வாதம், பெருவிரல் வீங்கிச் சிவந்து, தொட்டால் உயிர் போகும் வலி. மகனுக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேச வராது, கூச்சமும் பயமும். ஆனால் அந்தக் காலோடு பேச வரும். மெதுவாகப் பக்கத்தில் வந்து, கால் நல்ல கால், சரியாகிவிட்டதா என்று காலையே விசாரிப்பான். ஊரிலிருந்து திரும்பிய அப்பாவோடு கோபமாக இருப்பவன் சமாதானத்துக்கு வருவதும் அந்தக் கால் வழியாகத்தான். உங்கள் அக்கா இதைப் படித்தால் அவருக்கு விளக்கமே தேவைப்படாது. கண்ணைப் பார்க்காத பிள்ளை அம்மாவின் சேலை முந்தானையையோ வளையலையோ பிடித்துக்கொண்டு பேசும் பேச்சு அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

கடைசியில், இருபது வயதை நெருங்கும் பையன் விடுதியில் தங்கிவிட்டு வீட்டுக்கு வருகிறான். இயோர், சாப்பிட வா என்றால் வருவதில்லை. செல்லப் பெயர் அவனுக்கு வேண்டாமாம். தம்பிதான் புரிந்துகொண்டு, மரியாதையோடு அவன் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். உடனே எழுந்து வருகிறான். எத்தனை வயதானாலும் ‘குழந்தை’ என்றே இவர்களைக் கூப்பிடும் நம் எல்லோருக்குமான இடம் அது.

இரண்டாவது, 1990-ல் வந்த ‘எ கொயட் லைஃப்’. அப்பாவும் அம்மாவும் கலிஃபோர்னியா போய்விட, கல்லூரியில் படிக்கும் தங்கை மா-சான் அண்ணனைப் பார்த்துக்கொள்கிறாள். கதை முழுவதும் அவள் குரலில். பெற்றோர் இல்லாத காலத்தில் இவன் பொறுப்பு யாருக்கு என்பதுதான் இந்த வகைக் குடும்பங்களில் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. அதைத் தங்கையின் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறார். அதில் அண்ணன் ஒரு பாட்டு எழுதி, அதற்கு ‘கைவிடப்பட்ட குழந்தை’ என்று பெயர் வைக்கிறான். தங்கை பதறிப்போகிறாள். அப்பா அம்மா விட்டுவிட்டுப் போனதை நினைத்து எழுதினானோ என்று அவளுக்குள் ஓடுகிறது. பிறகு பாட்டி ஊரில் பேசும்போதுதான் தெரிகிறது, அவன் நினைத்தது வேறு. அவன் வேலை செய்யும் மையத்தைச் சேர்ந்தவர்கள் பூங்காவைச் சுத்தம் செய்யும்போது யாரோ போட்டுவிட்டுப் போன குழந்தையைக் கண்டெடுத்திருக்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து, அப்படி ஒரு குழந்தை தன் கண்ணில் பட்டால் காப்பாற்ற வேண்டும் என்று இவன் நினைத்துக்கொண்டிருந்தான். பாட்டு அதைப் பற்றியது.

1964-ல் மழையில் காரின் பின்னால் கூடையில் கிடந்த குழந்தையை நீங்கள் முதலில் படித்திருந்தால், இந்த இடத்தில் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைக்க வேண்டியிருக்கும். அதனால்தான் உங்களை முதல் நாவலிலிருந்து தொடங்கச் சொல்கிறேன், அக்காவைப் பிற்காலத்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன். அக்கா இந்த இரண்டையும் படித்துவிட்டு, இவர் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் இருந்தாரா என்று கேட்டால் அப்போது ‘எ பெர்சனல் மேட்டர்’ கொடுங்கள். கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். மூன்றாவதாக ‘எ ஹீலிங் ஃபேமிலி’ என்ற கட்டுரைத் தொகுப்பும் உண்டு. சின்னச் சின்னக் கட்டுரைகள், யுகாரி வரைந்த படங்களோடு. நாவலில் பெயரே இல்லாமல் போன தாய் இதில் படங்கள் வழியாக உள்ளே இருக்கிறார். நேரமே கிடைக்காத ஒருவருக்கு, ஒரு வாய் காபி நேரத்தில் ஒரு கட்டுரை என்று படிக்க இதுதான் வசதி. ஓயே 2023 மார்ச்சில், 88 வயதில் இறந்தார்.

நான் சொன்ன எல்லாமே ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. அக்காவுக்கு ஆங்கிலம் சரளமாக வராது என்றால், கால் கதையையும் பாட்டுக் கதையையும் நீங்களே உட்கார்ந்து வாயால் சொல்லுங்கள், அதுவே போதும். படிப்பவர் என்றால், புத்தகத்தோடு சேர்த்துப் படிக்க நேரத்தையும் கொடுங்கள். ஒரு சாயங்காலம் போய்ப் பையனை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் எப்படித் தூக்குவது, எந்தச் சாய்வில் உட்கார வைத்து ஊட்டுவது என்று அக்காவிடமே கற்றுக்கொள்ளுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அவனுடைய டாக்டர் இதற்கென்று மருந்து ஏதும் கொடுத்திருந்தால் அது வீட்டில் எங்கே இருக்கிறது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.